கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்: பொன்முடியை முன்வைத்து

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலையின் தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. அவர்தம் பிள்ளைகட்கு வீட்டுமொழி தமிழ். சூழலின் மொழியும் ஆட்சிமொழியும் மலையாளம். இத்தகையோர் மொழிக்குக் கேரளப் பள்ளிக் கலைவிழா அளித்துள்ள இடம் யாது என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. பொன்முடி கேரளத்தில் நின்றது. மாநிலச் சீரமைப்பை ஒட்டிய அரசியலமைப்புத் திருத்தமே, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கும் 350ஏ பிரிவையும் சேர்த்தது. மூன்று மாதம் நிறையுமுன், 1957 சனவரியில், எர்ணாகுளத்தில் முதல் கலைவிழா நடந்தது. பள்ளி, உபமாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற படிமுறை பின்னர் நிலைபெற்றது. சமற்கிருதத்திற்கும் அரபிக்கும் தனி விழாக்கள் உடன் நிகழ்கின்றன. தமிழும் கன்னடமும் பொதுவிழாவினுள்ளேயே செய்யுள் ஒப்புவித்தல் போன்ற போட்டிகளாக இடம்பெற்றன.

ஒப்புவித்தலில் ஒலிப்பே உயிர். லயத்துப் பிள்ளைக்கு நாவில் தமிழ் உண்டு. ஆயின் அது பேச்சுத்தமிழ். மேடை கேட்பதோ செந்தமிழ். மலையாளவழிப் பிள்ளை செய்யுளைத் தன் எழுத்தில் எழுதிப் பயின்றால் இடர் வேறு வகையினது. 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்த ககரத்தைத் தமிழர் மெலித்து ஒலிப்பர்; மலையாளத்திலும் அது மெலிந்தே ஒலிக்கும். ஆயின் தமிழின் 'வந்தான்' அங்கே 'வந்நு' ஆகி, திணைபால் காட்டும் ஈற்றையும் இழந்துள்ளது. மனப்பாடம் இவ்வேறுபாடுகளை ஒருவாறு மறைக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறனை அது சோதிப்பதில்லை. கவிஞர் வைலோப்பிள்ளியின் கருத்தில் உதித்த 117.5 பவுன் பொற்கிண்ணம் மாவட்டங்களின் மொத்தப் புள்ளிகளால் வெல்லப்படுவது. ஆகவே புள்ளிக்காகத் தமிழ் பயிற்றுவிக்கப்படுதலும் கூடும். அதனைக் குறையென யான் கருதவில்லை. ஆயினும் அது தாய்மொழிக் கல்விக்கு ஈடன்று.

2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த விழாவில் மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையாட்டம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் புதியனவாகச் சேர்ந்தன. தமிழுக்கு நெருங்கிய இருளமொழி இவ்வாறு ஆட்டத்தின் துணையாய் மேடையேறியது. பொன்முடியை ஒட்டிய அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிக்காரரின் பேச்சு தமிழ், மலையாளம் இரண்டன் கூறுகளையும் கொண்டது. அவர்தம் கலை எதுவும் அவ்வைந்தனுள் இல்லை.