சிறு கதவுடைய செடி



வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் நினைக்கின்றோம். காலடியில் கிடக்கும் பூண்டுக்கும் வரலாறு உண்டு என்று எண்ணுவோர் சிலரே. ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற நெறி. அந்நெறிப்படி வடசென்னைப் புளியந்தோப்பிலிருந்தே தொடங்குவோம்.

அங்கே சுவரோரங்களில், சிவந்த தண்டும் பருத்த சிறு இலையும் மஞ்சள் பூவும் கொண்டு தரையோடு படரும் ஒரு செடி உண்டு. அதுவே பருப்புக்கீரை. மாடித் தொட்டிகளிலோ, செம்மை, மஞ்சள், வெண்மை எனப் பல நிறங்களில் ‘டேபிள் ரோஸ்’ பூக்கிறது. வெயில் ஏறிய பின் மலர்வதால் பத்துமணிப் பூ என்றும் அதனைச் சொல்வர். ஒன்றைக் களை என்று பிடுங்குகிறோம். மற்றொன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். ஆயினும் இரண்டும் போர்ச்சுலாகா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள். அப்பெயருக்கு இலத்தீனில் ‘சிறு கதவு’ என்பது பொருள் என்பர். காய் முற்றியதும் அதன் மேற்பாதி மூடிபோலக் கழன்று, கரிய நுண்விதைகள் சிதறுகின்றன. பூவின் நிறத்துக்குக் காரணம் பீட்டாலின் என்னும் பொருள். பீட்ரூட் கிழங்கைச் சிவக்கச் செய்வதும் அவ்வகைப் பொருளே.

பருப்புக்கீரைக்கு 1753-இல் லின்னேயஸ் அறிவியற் பெயர் சூட்டினார். தொட்டிப் பூவின் தாயகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினாவின் மெண்டோசாப் பகுதி மணல்வெளியில் ஜான் கில்லீஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கண்ட அச்செடியை, 1829-இல் ஹூக்கர் உலகுக்கு அறிமுகம் செய்தார்.

நம் நாட்டிலும் இதன் இனம் ஒன்று உண்டு. 1819-இல் சென்னைக்கு வந்த இராபர்ட் வைட் என்னும் மருத்துவர், தென்னாட்டுச் செடிகளைத் திரட்டி, ஆர்னாட் என்பவருடன் சேர்ந்து 1834-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இடம்பெற்ற போர்ச்சுலாகா வைட்டியானா என்னும் செடி, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வைட்டுக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். 1853-இல் முற்றுப்பெற்ற அவருடைய படநூலில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. வைட் நன்றி மறவாமல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயரிட்டார். பின்வந்த அறிஞர்கள் அச்செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டமையால், அப்பெயர் வழக்கொழிந்தது. ஓவியர்க்குப் பெயரேனும் எஞ்சியது. இது உண்ணத்தக்கது என்று கண்டு, பருப்போடு சேர்த்துக் கடைந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்த பெண்களுக்கு அதுவும் இல்லை.

அவர்கள் அறிவு சிறிதன்று. நீர் வறண்ட நாளில் விடியலில் பறித்த இலை புளிக்கும். மாலையில் பறித்தால் அப்புளிப்புக் குறையும். வறட்சியில் இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் கரியமிலவாயுவை ஏற்று அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் அதனைச் செலவிடுகிறது. மக்காச்சோளம் போன்ற விரைவான உணவாக்க முறையும் இதற்கு உண்டு. இவ்விரு முறைகளும் ஒரே இலையில் இணைந்து இயங்குவதை 2022-இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. நாவு முன்பே உணர்ந்ததற்கு ஆய்வுக்கூடம் காரணம் கண்டது!

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இச்செடி மண்ணிலுள்ள காட்மியம் முதலிய நச்சு உலோகங்களை உறிஞ்சக்கூடியது. ஆகவே தொழிற்சாலைக் கழிவும் சாம்பலும் படிந்த நிலத்தில் முளைத்ததைப் பறித்து உண்ணலாகாது. வறியவர்க்கு விலையின்றிக் கிடைத்த கீரை, மண் கெட்டால் அவர்க்கே தீங்காகும். வடசென்னையின் மண்ணைக் காப்பது அதனால் அடுப்பங்கரையைக் காப்பதும் ஆகும்.

மாணவர்களே, கோவையில் உள்ள சென்னை உலர்தாவரத் தொகுப்பில் ஒவ்வொரு செடியோடும் சேகரித்தவர் பெயர், இடம், நாள் ஆகியவை எழுதி வைக்கப்படுகின்றன. நீங்களும் உங்கள் தெருவின் செடியொன்றைத் தாளிடையே உலர்த்துங்கள். பாட்டி அதனை என்ன பெயரால் அழைத்தார், எவ்வாறு சமைத்தார் என்று கேட்டு, அவர் பெயரையும் அருகில் எழுதுங்கள். எழுதப்பெறாமையால் மறைந்த பெயர்கள் போதும்.