பணியிடப் பாலியல் புகாரில் சமரசம்: கேட்க வேண்டியவர் யார்?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விசாரணை தொடங்குமுன் சமரசத்துக்கு இடமளிக்கிறது. அதைக் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே உரியது. நிர்வாகத்துக்கோ குற்றஞ்சாட்டப்பட்டவருக்கோ அல்ல. நாங்கள் காணும் நடைமுறையோ வேறு. ஒப்பந்த முறையில் துப்புரவுப் பணியிலோ ஆடை ஆலையிலோ உழைக்கும் தலித் பெண் வாய் திறந்த உடனேயே, “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று மேற்பார்வையாளர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டுப் பழகிய அதே குரல்தான் அது.

இந்தப் பேச்சு எழுத்துமூலப் புகாருக்கு முன்னரே நடக்குமானால் ஆபத்து கூடுதல். புகாருக்கான காலவரம்பு 3 மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். பேசிக்கொண்டிருக்கும் நாட்களுக்காக அந்தக் காலம் நிற்பதில்லை. எனவே முதலில் புகார், பிறகே பேச்சு.

பணத்தை அடிப்படையாகக் கொண்டு சமரசம் செய்யக் கூடாது என்பது சட்டத்தின் வெளிப்படையான விதி. எட்டப்பட்ட உடன்பாட்டைக் குழு பதிவுசெய்து, இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும். அதன்பின் விசாரணை கிடையாது. உடன்பாட்டின் நிபந்தனையை எதிர்மனுதாரர் மீறினால் மட்டுமே 11ஆம் பிரிவின்படி விசாரணைக் கதவு மீண்டும் திறக்கும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பழிவாங்கல் பெரும்பாலும் எதிர்மனுதாரரின் கையால் வருவதில்லை. ஷிப்ட் மாறும், கூலி குறையும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, செய்வது நிர்வாகம். ஆகவே உடன்பாட்டிலேயே இவற்றை எழுதி வாங்க வேண்டும்: எதிர்மனுதாரர் நேரடியாகவோ பிறர் வழியாகவோ அவருக்குப் பாதிப்பு விளைவிக்கக் கூடாது, அவரது பணியை மதிப்பிடக் கூடாது, இடமாற்றம் தேவையெனில் எதிர்மனுதாரரே மாற வேண்டும், புகாரைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவதில்லை என்று நிர்வாகமும் கையொப்பமிட வேண்டும். 12ஆம் பிரிவு தரும் விடுப்பு, இடமாற்றம் முதலிய இடைக்காலப் பாதுகாப்புகள் விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்துக்கே உரியவை என்பதால், சமரசத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த எழுத்தே அரண்.

சாதியைப் பற்றி இச்சட்டம் பேசுவது மிகக் குறைவு. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோரிலிருந்து குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். நிறுவனங்களின் உள்ளகக் குழுவுக்கு அந்தக் கட்டாயமில்லை. பெரும்பாலான புகார்கள் போய்ச் சேருவதோ அங்குதான்.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(w) பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண் என்று அறிந்தே, அவரது சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதையும், பாலியல் தன்மையுள்ள சொல், சைகைகளையும் குற்றமாக்குகிறது. குற்றம் செய்தவர் அவ்வகுப்புகளைச் சாராதவராக இருத்தல் வேண்டும். 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பிற சட்டங்களைக் குறைப்பதில்லை என்று அதன் 28ஆம் பிரிவே கூறுவதால், குழுவில் எட்டிய சமரசம் இந்தக் குற்ற வழக்கை முடித்துவைக்காது. “காவல்துறைக்குச் செல்ல மாட்டேன்” என்ற வரி உடன்பாட்டில் நுழைந்திருந்தால், அதை அடிக்கச் சொல்லும் வரை கையொப்பமிட வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.