திறந்த துளையும் மூடிய சாவியும்

பதுளைக்குத் தென்கிழக்கே 2,036 மீட்டர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் சரிவுகளெங்கும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்தால் நாதஸ்வரம் முழங்கும். வாசிப்பவரின் விரல்களைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். அவை துளைகளை முழுதும் மூடுவதோடும் முழுதும் திறப்பதோடும் அமைவதில்லை. பாதி மூடியும், மெல்ல நழுவியும், மூச்சின் அழுத்தத்தோடு இணைந்து கமகத்தைப் பிறப்பிக்கின்றன. துளை விரலுக்கு நேரே கிடைப்பதனாலேயே இது கைகூடுகின்றது. மேல்நாட்டுக் கருவியாகிய கிளாரினெட்டின் வரலாற்றிலும் இதே செய்தி ஒரு பெரும் கேள்வியாக எழுந்தது.

ஜெர்மனியின் நூரம்பேர்க் நகரத்தில் 1700ஆம் ஆண்டளவில் யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்ற கருவி வல்லுநர் கிளாரினெட்டை உருவாக்கினார் என்பர். முதற் கருவியில் இருந்த சாவிகள் இரண்டே. ஏனைய துளைகளை விரல்களே மூடின. பின்னர்ச் சாவிகள் பெருகின. 1812இல் இவான் முல்லர் பதின்மூன்று சாவிகள் கொண்ட கருவியைப் பாரிஸ் இசைக் கல்லூரியின் குழுவினர் முன் வைத்தபோது அவர்கள் அதனை ஏற்கவில்லை. எனினும் காலம் அவர் பக்கமே நின்றது. 1839க்குப் பின் குளோசே, புஃபே ஆகியோர் வளையச் சாவிகளைப் பொருத்தினர். துளையை விரல் மூடும். அதே விரல் சுற்றியுள்ள வளையத்தையும் அழுத்தி, எட்டாத வேறொரு துளையை மூடும். சாவிகள் மிகுந்தும் விரலுக்கும் துளைக்கும் இடையே எதுவும் குறுக்கிடவில்லை.

ஆல்டோ கிளாரினெட்டின் நிலை வேறு. அது சாதாரண பி பிளாட் கிளாரினெட்டைவிட ஐந்து சுரம் தாழ்ந்து ஒலிப்பது. குழாய் நீண்டது, துளைகள் பெரியவை, அவற்றிடையே தூரமும் அதிகம். மொசார்ட் 1791இல் தம் இரங்கற்பா இசைக்குப் பயன்படுத்திய பாசெட் ஹார்ன் அதன் நெருங்கிய உறவுக் கருவி. அக்காலத்தவர் குழாயை வளைத்தும் முறித்தும் துளைகளை விரலருகே கொணர முயன்றனர். பின்னர் வந்த ஆல்டோக் கருவிகள் பலவற்றில் ஒவ்வொரு துளையின் மீதும் தட்டையான மூடி அமைந்தது. விரல் மூடியை அழுத்தினால் துளை அடைபடும். சிறு கையினரும் எளிதில் வாசிக்கலாம். காற்றுக் கசியாமற் காக்கலாம். சிலவற்றில் முதல் விரலின் மூடியில் ஒரு நுண்துளை மட்டும் விடப்பட்டது. அதுவும் மேற்தாயிச் சுரங்களுக்குத் துணை செய்வதற்கே.

ஆனால் மூடியைப் பாதி திறப்பது அரிது. சுரங்கள் தனித்தனியே தெளிவாக விழும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவுதல் கடினம். 1924இல் நியூயார்க்கில் கேர்ஷ்வினின் இசைப்படைப்பு அரங்கேறியபோது, ராஸ் கோர்மன் என்பவர் தொடக்கத்தில் கிளாரினெட்டை நெடிது நழுவவிட்டு வாசித்தார். அந்த நழுவலுக்கு இடம் தந்தவை திறந்த துளைகளே.

தமிழகத்திற் கிளாரினெட் சதிர்க் கச்சேரியின் வழியாகப் புகுந்தது. சின்னமேளத்தில் முகவீணை இருந்த இடத்தை அது மெல்லப் பெற்றது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஏ. கே. சி. நடராஜன் தந்தையிடம் கிளாரினெட்டும், பின்னர் நாதஸ்வரமும் பயின்று, கிளாரினெட்டைக் கர்நாடக இசை மேடையில் தனிக்கச்சேரிக் கருவியாக நிலைநாட்டினார். 2008இல் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. அவருக்குக் கைகொடுத்தது திறந்த துளைகளையுடைய கிளாரினெட்டே. நாதஸ்வரத்தில் விரல் கற்றதைக் கிளாரினெட்டில் மறக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான நெறி விளங்கும். வாத்தியக் குழுவில் தாழ்ந்த குரலை நிறைவாக ஒலிக்க விரும்புவோருக்கு, கை எட்டும் வசதியும் உறுதியான மூடுதலும் தரும் மூடிச்சாவிக் கருவி ஏற்றது. கமகத்தை நாடுவோருக்குத் திறந்த துளையே துணை. எந்த இசைக்காக அதனைக் கையில் எடுக்கின்றோம் என்பதையே முதலில் தீர்மானித்தல் வேண்டும். தேயிலைச் சரிவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஒரு சிறுவன் கிளாரினெட்டை வாங்க நேர்ந்தால், விலையையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன் துளைகளின் மீது தன் விரலை வைத்துப் பார்க்கட்டும். விரல் நழுவ இடமிருந்தால், அவன் கேட்டு வளர்ந்த இசைக்கும் அதில் இடமுண்டு.