டிரஸ்ஸர் என்னும் சொல்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் அறுவை மருத்துவப் பயிற்சியும்

முன்னுரை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரஸ்ஸர் யாரென்று விளக்க வேண்டியதில்லை. துரை, கிராணி, தண்டல் என்னும் வரிசைக்குச் சற்றுத் தள்ளி, மருந்து வாசத்தோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் அவர். ஆனால் அந்தப் பெயர் பால்மரக் காட்டில் பிறந்ததன்று. இலண்டன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவரிடம் பயின்ற மாணவரை ‘டிரஸ்ஸர்’ என்றார்கள். மற்ற மருத்துவரிடம் பயின்றவரைக் ‘கிளார்க்’ என்றார்கள். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816இல் கைஸ் மருத்துவமனையில் டிரஸ்ஸராக இருந்தார். காயத்தைக் கழுவுவதும் கட்டுவதும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதும் அந்த மாணவர்களின் அன்றாட வேலை.

மாணவரின் பெயர் தோட்ட ஊழியருக்கு வந்து சேர்ந்தது. மாணவரின் அந்த வேலையோ இன்றைய பாடத்திட்டத்தில் ஓரத்துக்குப் போய்விட்டது. அதை மீண்டும் அறுவைப் பயிற்சியின் நடுவில் வைக்க வேண்டும்; அதற்கு மலேசியாவின் வட சிலாங்கூரில் உள்ள ரவாங் வட்டாரம் தகுந்த களம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களம்

ரவாங், செரண்டா, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), புக்கிட் தாகார் ஆகியவை ரப்பரால் தமிழர் குடியேறிய ஊர்கள். டிரஸ்ஸர்கள் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. பின்னர் ரப்பர் செம்பனையானது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்க் காவலாளிகளாகவும் ஓட்டுநர்களாகவும் ஆனார்கள். பழைய டிரஸ்ஸரின் இடத்தை இப்போது அரசு சுகாதாரக் கிளினிக் ஏற்றிருக்கிறது.

அதே வட்டாரத்தைச் சுற்றிப் பெரிய மருத்துவமனைகள் எழுந்தன. செலாயாங் மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டது. சுங்கை பூலோ மருத்துவமனை 2006இல் வந்தது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 2003இல் தொடங்கி, இவ்விடங்களில் மாணவரைப் பயிற்றுவித்தது. கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புஞ்சாக் ஆலாமில் அதற்குச் சொந்தப் போதனா மருத்துவமனையும் உண்டு. ஆக, நோயாளியும் மாணவரும் அருகருகே இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் சந்திக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு காலின் வரலாறு

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, இனவாரியாக அதுவே மிக உயர்ந்த அளவு. ‘இனிப்பு நீர்’ என்று நம்மவர் சொல்லும் இந்நோயின் அறுவை முகம் காலில் தெரிகிறது. முதலில் நரம்பு மரக்கிறது. பிறகு செருப்பு உராய்ந்த இடத்தில் தோல் தடித்து, அதன் அடியில் புண் வைக்கிறது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. சீழ் எலும்பைத் தொட்ட பின்தான் பெரிய ஆஸ்பத்திரி.

மாணவர் அங்கே காண்பது கறுத்துப்போன விரலை. அதுவும் பல துண்டுகளாக. சர்க்கரை அளவைப் பொது மருத்துவப் பிரிவில் காண்கிறார். காலை எலும்பு அறுவைப் பிரிவில் காண்கிறார். அடைபட்ட இரத்தக் குழாயை இரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் காண்கிறார். சில வாரங்களில் சுழற்சி முடிந்து அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறார். கத்தி படுவதற்கு முன்பே அந்தக் காலைப் பாட அட்டவணை கூறுபோட்டுவிடுகிறது.

கிளினிக்கின் கட்டு மாற்றும் அறையில் அதே கால் முழுசாக இருக்கிறது. பழைய துணியை உப்புநீரில் நனைத்து மெல்ல உரிக்கும்போதே வாடை சேதி சொல்கிறது. பாதத்தின் மேல் விரல் வைத்தால் நாடி கிடைக்கிறதா, குச்சி நுனி புண்ணுக்குள் எலும்பைத் தட்டுகிறதா, பத்துக் கிராம் நைலான் இழை பட்டது நோயாளிக்குத் தெரிகிறதா என்று பார்க்கலாம். மூன்று நாள் கழித்து அதே காலை மறுபடி பார்க்கலாம். புண் ஆறுவதையும் ஆறாமல் போவதையும் இப்படித் தொடர்ந்து பார்த்தால்தான், வெட்டுவதா காத்திருப்பதா என்னும் தீர்மானம் கைவரும்.

மொழி

‘கெபாஸா?’ (மரத்திருக்கிறதா) என்று மலாயில் கேட்டால் நோயாளி தலையாட்டுவார். விவரம் அத்தோடு நின்றுவிடும். தமிழில் கேட்டால், “சிலிப்பர் கழண்டு விழுந்ததே தெரியல டாக்டர்” என்ற பதில் வரக்கூடும். அந்த ஒரு வாக்கியமே பாதி நோயறிதல்.

இதற்கு முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் உண்டு. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் சம்பள உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே பயிற்றுவித்தார். அறுவை மருத்துவ நூல் ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் தமிழில் வந்தது. நோயாளியின் மொழியில் பயின்றவர் நோயாளியின் ஊரிலேயே தங்குவார் என்பது அவர் கணிப்பு. மலேசியாவில் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று இங்கே கோரவில்லை. நோய் வரலாறு கேட்குமளவு தமிழ், எந்த இனத்து மாணவருக்கும் எட்டக்கூடியதே.

எதிர்வாதம்

அறுவையை அறுவை அரங்கில்தானே கற்க முடியும் என்பர். பட்டப்படிப்பு மாணவர் அரங்கில் பெரும்பாலும் பிறர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். கருவி பிடித்துக்கொடுத்தால் அதுவே பெரிது. கைத்திறன் வளர இரண்டாண்டுப் பயிற்சி மருத்துவர் காலமும், அதன்பின் சிறப்புப் பயிற்சியும் இருக்கின்றன. கிளினிக் ஊழியருக்கு மாணவர் சுமையாவார் என்பது வலுவான மறுப்பு. கற்பிக்கும் பொறுப்பைத் தாதியருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் முறையாக அளித்து, அதற்குரிய ஊதியமும் தந்தால்தான் அது தீரும்.

2024இல் இதய அறுவைச் சிறப்புப் பயிற்சியை ஒட்டி, மாரா பல்கலைக்கழகத்தில் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) அல்லாதாருக்கும் இடம் தரலாமா என்று நாடே வாதிட்டது. யார் பயிலலாம் என்ற கேள்வி நியாயமானது. யாருடைய உடலிடம், எந்த இடத்தில் பயில்கிறோம் என்பதையும் அதே சூட்டோடு கேட்டிருக்க வேண்டும்.

முடிவுரை

மருத்துவப் புலங்கள் மூன்று மாற்றங்களைச் செய்யலாம். அறுவைப் பிரிவுக்கு ஒதுக்கிய காலத்தில் நான்கு வாரம் ரவாங், பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்க் கிளினிக்குகளின் கட்டு மாற்றும் அறைக்குத் தரலாம். ஒவ்வொரு மாணவரும் நோயாளியின் சம்மதத்தோடு ஒரே புண்ணைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து, அதன் குறிப்பேட்டைத் தேர்வில் காட்டலாம். தமிழில் நோய் வரலாறு கேட்பதற்கும் மதிப்பெண் வைக்கலாம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். கறுத்த விரலை மட்டுமே கண்டு பட்டம் பெறும் மாணவர் அறுவையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர். முதல் பக்கம் ரவாங்கில் இருக்கிறது.