மடுல்கெல்லக் கோப்பியும் மார்ஷல் வார்டின் ஆராய்ச்சியும்

நாட்டு வரலாறு அரசராலும் போராலும் மட்டுமே ஆக்கப்படுவதன்று. ஓர் இலையின் அடிப்புறத்தே தோன்றும் மஞ்சட் புள்ளியும் ஒரு நாட்டின் பொருள்நிலையை மாற்றவல்லது. கண்டிக்கு வடகிழக்கே, பன்விலவுக்கு அப்பால், தும்பறை மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்த மடுல்கெல்ல இதற்குச் சான்று பகரும். இன்று தேயிலை செறிந்து விளங்கும் இப்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பி விளைந்த நிலமாகும்.

காடுகளை அழித்து, மலைமேல் மலையாகக் கோப்பி ஒன்றையே நட்டனர் தோட்டத் துரைமார். அவ்வுழைப்பினை நல்கியோர் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்தம் தொழிலைப் பொருளாகக் கொண்டு ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோப்பியை அழிக்க வந்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் அறியப்பட்டதும் அவ்வாண்டிலேயே என்பது கருதற்பாலது. நோய் முதலிற் காணப்பட்ட இடம் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமை. பெயரொப்புமையால் அதனை மடுல்கெல்லவென மயங்குதல் கூடாது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பார்க்லி என்னும் ஆங்கில அறிஞர், நோய்க்குக் காரணமாய பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். சில ஆண்டுகளுள் அது கோப்பி விளையும் மாவட்டங்களெங்கும் பரந்தது.

இந்நோயை ஆராய்தற்பொருட்டு 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டவரே ஹரி மார்ஷல் வார்ட். 1854இற் பிறந்து, ஹக்ஸ்லியிடத்தும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் கற்று, ஜேர்மனியிற் சாக்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்ற அவருக்கு அப்போது வயது இருபத்தாறே. சூழலியல் என்னுந் துறை அந்நாளில் தனிக்கிளையாக வளர்ந்திலது. எனினும் தாவரத்தையும் அதன் பகையையும் காற்றையும் மழையையும் ஒருங்குவைத்து நோக்கிய வார்டின் ஆராய்ச்சி அத்துறையின் நெறியிலேயே சென்றது எனலாம்.

மண் வளங்குன்றியதே நோய்க்குக் காரணமெனத் துரைமார் பலர் கருதினர். வார்ட் அதனை ஏற்றாரல்லர். வித்திகளை நீர்த்துளியில் இட்டு இலைமீது வைத்துச் சோதித்தார். ஈரமுள்ளவிடத்தே வித்தி முளைத்து, முளைக்குழாய் இலைவாய் வழியே உட்புகுதலையும், சில வாரங்களின் பின்னரே புள்ளி வெளித்தோன்றுதலையும் கண்டார். பசையூட்டிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்திகள் காற்றிற் பரவுதலையும் நிறுவினார். பருவக்காற்றும் மழையும் நோயின் எழுச்சியோடு தொடர்புற்ற காரணம் இதனாற் புலனாயிற்று. பங்கசு இலையினுட் புகுந்தபின் மருந்திடுதல் பயன்தராது. புகுமுன்னரே இலையைக் காத்தல் வேண்டும் என்பதும் அவர் கண்ட முடிபாகும்.

எனினும் அவர் கூற்றுக்களுள் மிக ஆழமானது பிறிதொன்று. இடையீடின்றி ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் நட்டமையே ஒரு சிறு பங்கசினைப் பெருங்கொள்ளைநோயாக்கிற்று என்றார். காற்றைத் தடுக்குங் காட்டு வரிசைகள் அழிக்கப்பட்டமையால் வித்திகள் தடையின்றித் தோட்டந்தோறும் சென்றன. ஆயின் துரைமார் வேண்டியது விரைந்து பயன்தரும் மருந்து; வார்ட் அளித்ததோ நோயின் காரணம். அவர்தம் அறிக்கைகள் ஏமாற்றமளித்தன. 1882இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். 1885இற் பிரான்சில் மில்லார்டே செப்புக் கலவை மருந்தினை அறிவித்தபோது கோப்பியின் வீழ்ச்சி முற்றியிருந்தது. 1870ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தராயிருந்த ஏற்றுமதி, 1890ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சம் அந்தர் அளவிற்குத் தாழ்ந்தது.

வார்டின் புகழ் பின்னரே வளர்ந்தது. 1888இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1890இல் அக்கழகத்தில் நிகழ்த்திய குரூனியன் சொற்பொழிவில், விருந்துவழங்கிக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள தொடர்பினை விளக்கினார். 1895இற் கேம்பிரிட்ஜின் தாவரவியற் பேராசிரியராகி, அங்கே புதிய தாவரவியற் கூடம் எழுதற்குக் காரணராயினார். 1906இல் ஐம்பத்திரண்டு வயதிற் காலமானார். தாவர நோயியல் முறையான அறிவியலாக வளர்ந்தமைக்கு அவர் பேராதனையில் ஆற்றிய பணி ஓர் அடிப்படையாயிற்று.

கோப்பி வீழ்ந்தபோது பாதிப்புற்றோர் முதலிட்டோர் மட்டுமல்லர். தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அறுவடைக் காலத்தே வந்து மீள்வதாயிருந்த அவர்தம் வாழ்வு, ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டுந் தேயிலையால் மாறிற்று. குடும்பத்தோடு மலைநாட்டில் நிலைகொண்டனர். மலையகத் தமிழ்ச் சமுதாயத்தின் வரலாற்றில் அவ்விலைநோய்க்கும் ஓரிடம் உண்டென்பதை மறத்தல் ஆகாது.

கோப்பி நின்ற நிலத்தில் மீண்டும் ஒரே பயிர் நிரம்பியது. வார்டின் எச்சரிக்கை கேட்கப்பட்டிலது. 1946இல் தேயிலையிற் கொப்புள நோய் இலங்கையிற் காணப்பட்டது. இம்முறை செப்பு மருந்துகள் பயிரைக் காத்தன. கோப்பி இலைநோயோ 1970இற் பிரேசிலை அடைந்து, 2012இற்குப் பின் மத்திய அமெரிக்காவில் உழவர் பலரை வறுமைக்குள்ளாக்கியது. தும்பறை மலைத்தொடரின் எஞ்சிய காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. அக்காடு மழைக்கும் நீருக்கும் மட்டுமன்றி, நம் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் அரணாம் என்பதை, பயிரியல் பயிலும் மாணவர் வார்டின் ஆராய்ச்சியினின்றும் உணர்ந்துகொள்வாராக.