தைலப் புட்டிக்குள் இருக்கும் சரித்திரம்

பனி இறங்கியதிலிருந்து குடும்பக் குழுவில் மூக்கடைப்பு, தலைபாரம், சைனஸ் என்றே செய்தி வருகிறது. ஆளுக்கொரு பாட்டி வைத்தியம் அனுப்புகிறீர்கள். அதில் எது உண்மையில் பாட்டியுடையது, எது கடையிலிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும், சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவதும் நம் பழைய வழக்கம். நீலகிரித் தைலம் அப்படியல்ல. பெயர்தான் நம் மலையுடையது. யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவுடையது. 1843 வாக்கில் ஆங்கிலேயர் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு விறகுக்காகப் பெரிய அளவில் நட்டார்கள். இலையைக் காய்ச்சி எண்ணெய் வடித்தது அதற்கும் பின்னால். என் பாட்டியின் பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்த வாசனை எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருக்காது.

அடுத்து மஞ்சள் தைலம். ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்து ஜனங்களைப் பழக்கினார் என்பார்கள். தைலத்தில் வந்த பணத்தை 'ஆந்திர பத்திரிகா'வில் போட்டார். 1914-இல் அந்தப் பத்திரிகை சென்னைக்கு வந்து நாளிதழானது. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவரும் இவரே. மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சி போகும் என் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் விக்ஸ் களிம்பைச் செய்தார். 1918 இன்புளூயன்சா கொள்ளைநோய் அதன் விற்பனையை எங்கோ கொண்டுபோய்விட்டது. இவற்றுக்கெல்லாம் உயிர்நாடி மெந்தால், அதாவது புதினா இனத்துச் செடியிலிருந்து எடுக்கும் உப்புப் போன்ற படிகம். அன்று உலகத்துக்கு அதை அதிகம் அனுப்பியது ஜப்பான்.

இனி முக்கியமான கேள்வி. தைலம் தடவினால் மூக்கு திறக்கிறதா? காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். அடைப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் முகர்ந்தவர்கள் 'நன்றாக மூச்சு வருகிறது' என்றார்கள். குளிர்ச்சியை உணரும் நரம்பை மெந்தால் தொடுவதால் வரும் உணர்வு அது. அந்த நரம்பிலுள்ள வாங்கியை 2002-இல் கண்டுபிடித்தவர்களில் இருவரான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோர் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்காகப் புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். ராத்திரி தூக்கம் வந்தால் அதுவும் லாபம்தான்.

மாத்திரை விஷயம் அப்படியல்ல. சீனத்து மா-ஹுவாங் செடியிலிருந்து 1885-இல் ஜப்பானியரான நாகாய் எபிட்ரினைப் பிரித்தார். அந்த வழியில் வந்த சூடோஎபிட்ரின் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறக்கும். அதைக் கொண்டு போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள் என்று 2006 முதல் அமெரிக்காவில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. கம்பெனிகள் அதன் இடத்தில் பினைல்எப்ரினைப் போட்டன. வாய்வழி விழுங்கும் பினைல்எப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று 2023-இல் அந்நாட்டு மருந்துத் துறையின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது. நம் ஊர்ச் சளி மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இதே பெயர் இருக்கும். காய்ச்சலும் தலைவலியும் குறைவது அதிலுள்ள பாரசிட்டமாலால். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மூக்கில் விடும் சொட்டு மருந்து வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆபத்தும் அங்கேதான். நாலைந்து நாளைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. எங்கள் உறவில் ஒருவர் பத்து வருஷமாகச் சட்டைப் பையில் அந்தப் புட்டி இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூட வரமாட்டார். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் விடுவிக்க வழி இருக்கிறது அண்ணா.

பேரக்குழந்தை உள்ளவர்களுக்கு: இரண்டு வயதுக்குள் கற்பூரம், மெந்தால் கலந்த தைலம் எதுவும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்கவும் வேண்டாம்; பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும்.

பெரியவர்களுக்கு எளிய வழி உப்புத் தண்ணீர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளரில் கால் தேக்கரண்டி முதல் அரை தேக்கரண்டி உப்பு போட்டு மூக்கைக் கழுவலாம். யோகாசன ஆசிரியர்கள் நேதி என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். பத்து நாளுக்கு மேல் நீடித்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, காய்ச்சல் கடுமையானாலோ தைலம், கழுவல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நொச்சி, சுக்கு தவிர உங்கள் வீட்டுப் பழைய வழக்கம் வேறு ஏதாவது இருந்தால், எந்த ஊர் என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள்.