சேவலும் குதிரையும்: இலங்கைச் சூதாட்டச் சட்டம்

“சூதாடினவன்ட வூடு வெளங்காது” என்பார் மூத்தவாப்பா. சட்டத்தின் பார்வை வேறு என்பதை 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச்சட்டத்தைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

தெருவிலும் தவறணையிலும் பொதுச் சூதாட்ட இடத்திலும் பணம் வைத்து ஆடுவதையே அது தடுத்தது. சேவல் சண்டை மட்டும், பந்தயமே இல்லாமல் வீட்டு வளவுக்குள் நடந்தாலும் குற்றம். ஏழையின் சேவலுக்குத் தடை. துரைமாரின் குதிரைக்கோ 1930இல் தனிப் பந்தயச் சட்டம்! 2010இல் கசினோவுக்கும், 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் சட்டங்கள் வந்தன. தடுப்பதில் தொடங்கியது அனுமதிப்பத்திரத்தில் வந்து நிற்கிறது.

சட்டம் ஆடும் இடத்தைப் பார்த்தது. அல்மாஇதா அத்தியாயத்தின் 91ஆம் வசனமோ சூதால் விளையும் பகைமையையும் தொழுகை மறக்கப்படுவதையும் பார்க்கிறது. அனுமதிப்பத்திரம் கிடைத்ததால் சூது ஹலாலாகிவிடாது. மூத்தவாப்பாவுக்கு இது சட்டம் படிக்காமலே தெரிந்திருந்தது.